உபரிச் சாமான்கள்

தம்பி ஓட்டும் சரக்கு வண்டியின் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. கடன் கொடுத்த கம்பெனி மாதச் சம்பளக்காரன் ஒருவனின் கையெழுத்தைக் கேட்டது. வீட்டில் அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான். ஓட்டத் தெரியாதவன் உரிமையாளனாகவும் ஓட்டுகிறவன் உரிமையில்லாதவனாகவும் ஆனது இப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசிய பேச்சையெல்லாம் கொள்கை என்று வெகுநாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

மேலநீலிதநல்லூரில் இந்த வகை வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்குக் குட்டியானை என்றுதான் பெயர். டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன்னோடு வந்தது. மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் இடையில் வெகுகாலம் காலியாகக் கிடந்த இடத்தில் இவை வந்து நின்றன. புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை, சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் பிச்சியும் மல்லிகையும், உளுந்து மூட்டை, ஆடு, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான், ஜெனரேட்டர், சமயத்தில் ஒரு சவப்பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி.

கம்பெனி செய்து அனுப்புகிற வண்டிக்கு ஊர் எதுவும் கிடையாது. ஊர் வந்து சேர்வது பட்டறையில். நாங்கள் வாங்கியது பழைய வண்டி. முந்திய சொந்தக்காரர் தமக்கு வேண்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டு மொட்டையாகத்தான் கொடுத்தார். மறுநாளே சங்கரன்கோவிலில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். தம்பி கையில் ஒரு சீட்டு வைத்திருந்தான். எனக்கு அது மளிகைச் சீட்டு மாதிரிதான் தெரிந்தது. பிறகு யோசித்தபோது, அந்த வண்டியிடம் என்னென்ன வேலை வாங்கப்போகிறோம் என்பதற்கான வாக்குமூலமாகவே அதை வாசித்திருக்கலாம் என்று பட்டது.

முதலில் பட்டை. பின் அச்சின் மேல் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒரு கட்டாக அடுக்கியிருக்கும். கட்டில் ஒரு பட்டையைக் கூட்டினால் பாரம் ஏற்றும்போது வண்டியின் பின்பக்கம் தாழாது. இதனால் வண்டியின் திராணி கூடிவிடுவதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரேக்கும் டயரும் அச்சும் கம்பெனி கணக்குப் பண்ணிய பாரத்துக்குத்தான் இருக்கின்றன. பட்டை செய்வதெல்லாம், தாங்க முடியாததைத் தாங்குவதுபோல வண்டியை நிமிர்ந்து நிற்க வைப்பதுதான். அடுத்தது தொட்டியின் பக்கங்களை உயர்த்தும் கம்பிக் கிராதி. வைக்கோலுக்கும் பூ மூட்டைக்கும் கனம் இல்லை, பருமன்தான்; கிராதி இல்லாமல் கட்டாது. ஆனால் உயரம் ஏற ஏற வண்டியின் பாரம் மேலே போய்விடும், திருப்பத்தில் அது வெளிப்பக்கம் சாயும். மூன்றாவது, தொட்டித் தரைக்குச் செக்கர் ப்ளேட். ஆட்டு மூத்திரமும் நனைந்த பூவின் ஈரமும் சாதாரணத் தகட்டை இரண்டு மழைக்காலத்தில் தின்றுவிடும். பிறகு படுதா, படுதா கட்டக் கொக்கிகள், கேபினுக்கு மேல் சாமான் வைக்கக் கேரியர், ஸ்டெப்னிக்குச் சங்கிலியும் பூட்டும், வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு விளக்கு. முகப்பில் கனமாக ஒரு பம்பர் கம்பி வேண்டும் என்றான் தம்பி. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக உத்தரவு போட்டிருந்தது. எதிரே வருகிற மனிதன்மேல் மோதினால் பம்பராவது நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இந்தக் கம்பி நசுங்காது. அதை மட்டும் நான் வேண்டாமென்றேன். அன்று நான் பேசியதில் சுயநலம் கலக்காத பேச்சு அது ஒன்றுதான்.

'எழுத்து' 1959-இல் தொடங்கியதிலிருந்து நம் வட்டாரத்தில் அலங்காரம் என்பது ஏறத்தாழ வசைச்சொல். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணிவைத்திருக்கிறது. நாம் அத்தனையையும் மேலே போட்டுக்கொள்ளும் நகை என்று கழற்றிப்போட்டோம். கழற்றியது சரிதான். ஆனால் தேவை, உபரி என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு எதையும் இரண்டில் ஒன்றில் போட்டுவிட முடியும் என்ற பழக்கம் அதனோடு கூடவே வந்துவிட்டது. பட்டறை வாசலில் மர ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நானும் மனசுக்குள் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கிராதி தேவை, விளக்கு பாதி தேவை, கண்ணாடிக்கு மேல் பெயின்டில் எழுதும் குலதெய்வத்தின் பெயர் உபரி என்று.

அப்போதுதான் பட்டறைக்காரர் கேட்டார். "அண்ணாச்சி, பின்னால ஒரு படியும், பிடிச்சு ஏற ஒரு கம்பியும் வச்சிருவமா? எல்லாரும் வைக்காங்க."

தம்பியின் சீட்டில் அது இல்லை. எழுதாமல் விட்டிருக்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. மூட்டை படியேறி வருவதில்லை. படி யாருக்கு என்று எனக்கும் தெரியும், பட்டறைக்காரருக்கும் தெரியும். களையெடுக்கவும் உளுந்து பறிக்கவும் விடியற்காலையில் பெண்களை ஏற்றிப்போவது இந்த வண்டிகள்தான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உளுந்துக் காட்டுக்கு எந்த பஸ்ஸும் போவதில்லை.

"இது சரக்கு வண்டி, ஆள் ஏறுகிற வண்டி இல்லை" என்றேன். பட்டறைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

சட்டம் என் பக்கம் இருந்தது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்படிச் செய்கிற உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் ஓட்டுநரின் உரிமம் பறிபோகலாம். இவற்றையெல்லாம் நான் தம்பிக்கு விளக்கமாகச் சொன்னேன். பட்டையையும் கிராதியையும் பற்றி அதே சட்டம் என்ன நினைக்கும் என்பதைச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. படி இல்லாத தொட்டியில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. பின் டயரில் ஒரு காலை ஊன்றி, கிராதியைப் பிடித்து எம்பி, மற்ற காலைப் பக்கப் பலகைக்கு மேல் தூக்கிப் போடவேண்டும். சேலை கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு. இறங்கும்போது அதே காரியத்தைப் பின்புறமாக, கண்ணுக்குத் தெரியாத டயரைக் காலால் தேடிச் செய்யவேண்டும். எங்கள் தெருப் பெரியம்மை ஒருத்தி, அறுபதைத் தாண்டியவள், கரிசல் சேறு அப்பிய டயரில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. பார்க்கப் போனேன். என் முகத்தைப் பார்த்து அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்: "வண்டி மேல தப்பில்லய்யா. டயரு உருண்டைதான, அதுல எங்கன கால் நிக்கும்?"

அதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்து வாசித்தேன். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1994-இல் வந்த ஒரு திருத்தம், வண்டியில் இருக்கும் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டும் காப்புக்குள் சேர்த்துக்கொண்டது. அதாவது, அதே பெரியம்மை தன் பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் கணக்கில் வருவாள். வெறுங்கையோடு கூலிக்குப் போனதால் வரமாட்டாள். மூட்டைதான் அவளை மனுஷியாக்குகிறது. இந்த வாக்கியத்தை ஒரு கதையில் யாராவது எழுதியிருந்தால், கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது என்று நான் விமர்சனம் எழுதியிருப்பேன்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என் ஆட்சேபணையை மறுபடி யோசித்துப் பார்த்தேன். படி ஒரு சாட்சி. விபத்து என்று ஒன்று நடந்தால், இந்த வண்டியில் ஆட்கள் ஏறுவார்கள் என்று உரிமையாளனுக்குத் தெரியும் என்பதைப் படி சொல்லும். படி இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். பெண்களை ஏற்றவேண்டாம் என்று தம்பியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கூலி வாடகையும் சேர்ந்துதான் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தது. நான் வேண்டாமென்றது படியை மட்டும்தான். அவள் மணிக்கட்டைக் கொடுத்து என் அறியாமையைப் பாதுகாத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் படி வைத்தோம். ஆங்கிள் இரும்பில் இரண்டு தட்டு, கால் வழுக்காமல் இருக்க மேலே செக்கர் ப்ளேட், இடது பக்கம் பிடித்துக்கொள்ளப் பைப் ஒன்று. "வெல்டிங் வச்சிரவா, போல்ட்டா?" என்று கேட்டார் பட்டறைக்காரர். போல்ட் என்றேன். எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றிவிடலாம். நேர்மைக்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

படி வைத்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்தது என் அடுத்த பேதைமை. முன்பு 12 பேர் வந்துகொண்டிருந்த வண்டியில் இப்போது 18 பேர் ஏறினார்கள். ஏறச் சுலபமாக இருந்தால் ஏறத்தானே செய்வார்கள். ஆளுக்கு 50 கிலோ என்றால் 900 கிலோ. எங்கள் வண்டிக்குக் கணக்கு 750. கனம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மூட்டை தரையோடு கிடக்கும். நிற்கிற மனிதர்களின் பாரம் உயரத்தில் இருக்கும். திருப்பத்தில் எல்லாரும் சேர்ந்தாற்போல ஒரே பக்கம் சாய்வார்கள். தம்பி கூட்டிய பட்டையும் இப்போது தன் குணத்தைக் காட்டியது. முழுப் பாரத்துக்கென்று கெட்டிப்பட்ட கட்டு, பாரம் குறைந்த நேரத்தில் வளைந்து கொடுக்காது. திரும்பும் வழியில் பாதிப் பேர் இறங்கிய பிறகு மிச்சம் இருப்பவர்களைக் குழிக்குக் குழி தூக்கிப் போட்டது. சரக்குக்குச் செய்த உதவி ஒவ்வொன்றும் ஆளுக்கு ஒரு உபத்திரவமாக மாறியது. 2021 பிப்ரவரியில், இங்கிருந்து அதிக தூரமில்லாத மணியாச்சிப் பக்கம், வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன சரக்கு வண்டி ஒன்று ஓடையில் கவிழ்ந்தது. ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியை அன்று காப்பி குடித்துக்கொண்டே படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தம்பியிடம் 12 பேருக்கு மேல் வேண்டாம், எல்லாரும் உட்கார்ந்துதான் வரவேண்டும் என்றேன். "சரிண்ணே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "விட்டுட்டுப் போற ஆறு பேருக்கு அன்னைக்குக் கூலி போயிருமே, அதுக்கு என்ன செய்ய?" என்றான். இரண்டு நடை அடிக்கலாம் என்றேன். இரண்டாவது நடைக்கு டீசல் யார் போடுவது? காட்டுக்காரர் போடமாட்டார். ஒரு மாதம் நான் போட்டேன். பிறகு தம்பியே வேண்டாமென்றான், நானும் வற்புறுத்தவில்லை. இப்போது சில நாள் 12, சில நாள் 15. உட்காருவது மட்டும் நிலைத்துவிட்டது. உட்காரப் பழைய ரப்பர் மெத்தை இரண்டைத் தொட்டியில் போட்டிருக்கிறான். இதுவும் எந்தச் சீட்டிலும் எழுதாத சாமான்.

எட்டு வருஷம் தாண்டிய வண்டி, ஆகவே வருஷா வருஷம் எஃப்.சி. முந்தின நாள் சாயங்காலம் கிராதி இறங்கும், கேரியர் இறங்கும், நான்கு போல்ட்டைக் கழற்றினால் படி இறங்கும். மெத்தையை மச்சில் போட்டுவிடுவோம். கம்பெனி பெற்றுப்போட்ட நாளில் இருந்ததுபோல, ஒரு பாவமும் அறியாத வண்டியாக அது அதிகாரி முன்னால் போய் நிற்கும். அன்றும் மறுநாளும் படி எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடக்கும். அந்த இரண்டு நாளும் நான் தூங்குவதில்லை.

இந்த வருஷம் எஃப்.சி. முடிந்து வண்டி வந்த இரவே, தம்பியை எழுப்பாமல், டார்ச்சைத் திண்ணையில் வைத்துக்கொண்டு நானே போல்ட்டுகளை முடுக்கினேன். ஓட்டத் தெரியாவிட்டாலும் அது தெரியும். பெரியம்மை இப்போது மறுபடி வேலைக்கு வருகிறாள். காலையில் படியில் காலை வைக்கும் முன்பு, நல்ல கையால் அதைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.