வேலை கைமாறிய நாட்கள்

லீட்ஸ், ஜனவரி 15, 2019

பானை பொங்கிவிட்டதென்று சென்னையிலிருந்து மகள் தொலைபேசியில் சொன்னபோது இங்கே நடுநிசி கடந்து மணி ஒன்றரை. அதன்பின் எனக்கு உறக்கம் வரவில்லை. எந்த வேலையைக் கற்றுச் சென்னைக்குக் கொண்டுபோக நாங்கள் மூவர் வந்திருக்கிறோமோ, அந்த வேலையைக் கொண்டே இத்தனை வருஷமாக ஜீவனம் நடத்திவந்த நான்கு பெண்மணிகளின் எதிரே காலையில் போய் அமர்ந்தபோது, முதலில் என்ன பேசுவதென்று தெரியாமல் சற்று நேரம் தவித்தோம். அவர்களில் மூத்தவர், 27 வருஷம் கணக்குப் பிரிவிலேயே இருந்த அம்மையார், தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திவைத்து, "உங்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை, விஷயம் எங்களுக்கு அக்டோபரிலேயே தெரியும்" என்றார். பாதிக் காரியம் அந்தச் சொல்லிலேயே நிறைவேறிவிட்டதாக எனக்குப் பட்டது.

ஒரே ஸ்தாபனத்தில் 90 நாட்களுக்குள் 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை இழப்பதாயிருந்தால், முதல் ஆளை விலக்குவதற்கு 30 நாட்களுக்கு முன்பாகவே ஊழியர் பிரதிநிதிகளுடன் கலந்தாலோசனையைத் தொடங்கியாக வேண்டும் என்பதும், நூறு பேருக்குக் குறையாதென்றால் அது 45 நாட்கள் என்பதும் இந்நாட்டுச் சட்டம். இந்த நிர்வாகம் சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்திருக்கிறது. விலக்கத் தொகைக்குச் சட்டம் 20 வருஷ சேவைக்கு மேல் கணக்கில் கொள்வதில்லை. அம்மையாரின் எஞ்சிய ஏழு வருஷத்தையும் நிர்வாகம் தானாகவே சேர்த்துக்கொண்டது. கடைசி நாள் வரை இருந்து கற்றுக்கொடுப்போருக்குத் தனித் தொகையும் உண்டு.

நான் முன்பு உத்தியோகம் பார்த்த ஒரு கம்பெனியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கிருந்த ஊழியர்களுக்கு ஒன்றும் சொல்லாமல், ஆறே வாரத்தில், வீடியோ வழியாகவே வேலையைச் சென்னைக்கு மாற்ற முனைந்தார்கள். தங்கள் இடத்துக்கு ஆள் வருவதை எங்கள் முகத்தைத் திரையில் கண்டே தெரிந்துகொண்டவர்கள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டார்கள். மூன்று மாதத்திற்குள் சில பில்களுக்கு இருமுறை பணம் போயிற்று; பல பில்களுக்குப் பணமே போகவில்லை. குற்றம் சென்னை ஊழியர்களின் தலையில் விழுந்தது. அந்த அநியாயம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஜனவரி 29

பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி சரிதானா என்று பார்த்து, பணத்தை அனுப்பிவைப்பதுதான் வேலை. எஸ்.ஓ.பி. என்ற செயல்முறைக் குறிப்பில் அது 46 பக்கம். நாங்கள் பக்கத்தில் அமர்ந்து பார்க்கப் பார்க்க, அம்மையார் அந்தக் குறிப்பை ஒருமுறைகூடப் புரட்டியதில்லை. அவர் கை போனதெல்லாம் மேஜையின் இரண்டாம் இழுப்பறைக்குத்தான்.

அங்கே ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை, முதுகில் ஒட்டுத்தாள், உள்ளே முழுக்கப் பென்சில் எழுத்து. ஒரு லாரிக் கம்பெனி மாதந்தோறும் ஒரே எண்ணில் இரண்டு இன்வாய்ஸ் அனுப்பும், ஒன்று வாடகைக்கு, மற்றது டீசலுக்கு. கணினி இரண்டாவதை நகலென்று தள்ளிவிடும், தள்ள விடாதே என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், கணவர் இறந்தபின் தனியே தொழில் நடத்தும் ஒரு பெண்மணிக்குப் பணம் ஒருநாளும் தாமதமாகக் கூடாதென்று அடிக்கோடிட்ட வரி. எங்கள் மூவரில் ஒருத்தியான அம்பத்தூர்ப் பெண் அதைப் படித்துவிட்டு என்னிடம், "சார், இதையெல்லாம் எஸ்.ஓ.பி.யில் எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். எழுத முடிந்ததையெல்லாம் எழுதச் சொன்னேன். நோட்டைக் கேட்கவில்லை, அது அவருடைய ஆயுளின் ஒரு பகுதி.

பிப்ரவரி 22

மூன்று வாரமாக வேலையை எங்கள் ஆட்கள் செய்கிறார்கள், அம்மையார் பின்னால் அமர்ந்து பார்க்கிறார். தவறைத் தானே திருத்திவிடாமல், "இன்னொரு முறை பாருங்கள்" என்று மட்டும் சொல்லும் அந்தப் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்று மேலதிகாரிகளோடு பலத்த விவாதம். சப்ளையர் பெயரில் ஒரு கடிதம் வரும், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் பணத்தைப் புதிய கணக்கில் செலுத்துக என்று. இம்மாதிரிக் கடிதங்களில் மோசடியும் உண்டு. கடிதத்திலுள்ள எண்ணைக் கூப்பிடாமல், நம்மிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள பழைய எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பதே அதற்கு மருந்து. ஆனால் சென்னை ஊழியர்கள் சப்ளையரை நேராக அழைக்கக் கூடாது, லீட்ஸுக்கு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்டிருந்த விதி. வேலையை மட்டும் கொடுத்து அதிகாரத்தை இங்கேயே வைத்துக்கொண்டால், நாளை ஏதேனும் தவறு நேரும்போது பொறுப்பை மட்டும் நாங்கள் ஏற்பது எப்படி நியாயமாகும் என்று நான் கேட்டேன். அம்மையாரும் எழுந்து, "அந்தப் பெண்ணுக்கு என்னிடமிருந்த அதே அதிகாரம் வேண்டும்" என்றார். மாலையில் விதி மாறிற்று.

சென்னை, மார்ச் 31, ஞாயிறு

நாளை முதல் வேலை முழுவதும் எங்கள் கையில். இன்று அதிகாலை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திவிட்டார்கள். ஐந்தரை மணி வித்தியாசம் இனி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரைதான். சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் கோப்பு அங்கே மாலை 4 மணிக்குள் போயாக வேண்டும். குளிர்காலத்தில் எழுதிய எங்கள் குறிப்பில் அது இந்திய நேரம் இரவு 9.30 என்றிருக்கிறது, நாளை முதல் 8.30. இதை அம்பத்தூர்ப் பெண்தான் கண்டு சொன்னாள். ஷிஃப்டு நேரம், வண்டி நேரம் எல்லாவற்றையும் விடுமுறை நாளென்றும் பாராமல் உட்கார்ந்து மாற்றினோம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எஸ்.ஓ.பி.யின்படி புதன்தோறும் கோப்பை அனுப்பினால் போதும். இங்கிலாந்தின் பேக்ஸ் முறையில் முதல் நாள் கோப்பு, மறுநாள் பரிசீலனை, மூன்றாம் நாள் கணக்கில் பணம் என்பதால் சப்ளையருக்கு வெள்ளியன்று கிடைத்துவிடும். ஆனால் இவ்வாரம் 19-ஆம் தேதி புனித வெள்ளி, 22-ஆம் தேதி ஈஸ்டர் திங்கள். வங்கிகளுக்கு அவ்விரு நாளும் விடுமுறை. புதனன்று அனுப்பினால் பணம் 23-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேரும். இதை எந்தக் குறிப்பும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மையாரின் நோட்டில் ‘ஈஸ்டர் வாரம்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருந்ததை லீட்ஸில் பார்த்தது நினைவுக்கு வந்து, சென்ற வாரமே அனுப்பும் நாளைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டோம். வியாழனன்று இங்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஓட்டுப் போட ஊருக்குப் புறப்படுவோர் நாளையே கிளம்புகிறார்கள்.

இன்று இரவு 7.50-க்குக் கோப்பு போயிற்று. லாரிக் கம்பெனியின் இரண்டு இன்வாய்ஸும் அதில் இருந்தன. தனியே தொழில் நடத்தும் அந்தப் பெண்மணியின் பணமும் இருந்தது; அவருக்கு அது வியாழனன்றே கிடைக்கும். வெளியூரில் செய்யப்படும் வேலையென்று அவருக்குத் தெரியவே வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

மே 6

எங்கள் மூவரில் துணைக்கென்று லீட்ஸிலேயே தங்கியிருந்த கும்பகோணத்துத் தம்பி இன்று திரும்பிவிட்டான். வெள்ளியன்று அம்மையாருக்குக் கடைசி நாள். மேஜையைத் துடைத்துச் சாவியை ஒப்படைத்தபின், இழுப்பறையிலிருந்த நீல நோட்டை அவர் அவன் கையில் கொடுத்து, அந்தப் பெண்ணிடம் சேர்க்கும்படி சொல்லியிருக்கிறார்.

நோட்டு இப்போது தரமணியில், எங்கள் பிரிவின் மேஜைமேல் இருக்கிறது. 72-ஆம் பக்கம் வரை அம்மையாரின் பென்சில். 73-ஆம் பக்கத்தில் அம்பத்தூர்ப் பெண் இன்று பேனாவால் எழுதியிருக்கிறாள்: "மார்ச் கடைசி ஞாயிறு முதல் நம் ஊர் நேரம் 8.30, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மறுபடியும் 9.30."