உப்புக்காற்றும் புத்தக அலமாரியும்

கிள்ளையில் புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. நான்கு விரற்கடையாவது தள்ளி நிற்க வேண்டும். தரைக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே துடைப்பம் தாராளமாகப் போய்வர ஒரு சாண் இடம் வேண்டும். முதுகுப் பலகை கூடவே கூடாது. "முதுகு இல்லாட்டி ஆடுமே சார்" என்று ஆசாரி தயங்குவார். பின்பக்கம் பெருக்கல் குறியாக இரண்டு ரீப்பர் அடித்துவிட்டால் ஆடாது, காற்றும் தடைபடாது.

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பிச்சாவரத்துச் சதுப்பு. இந்த ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கும். உப்பு படிந்த இடம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. சுவரில் சாய்ந்த புத்தகம் அந்த ஈரத்தை அப்படியே குடித்துவிடும்.

கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோவில் புத்தகம் அடுக்குவது எங்கள் பக்கம் வழக்கம். பெயின்ட் உரிந்த மூலையில் துரு பிடித்து, புத்தகத்தின் அடிவிளிம்பில் கறையாக ஏறும். பிளைவுட் இரண்டு மழைக்காலத்தில் விளிம்பு உப்பிவிடும். பிரித்த பழைய வீட்டு உத்தரத்தை அறுத்துச் செய்த பலகைக்கு ஈடு இல்லை. அது ஏற்கெனவே பல மழை பார்த்த மரம். பலகை ஓரங்குல கனமாவது இருக்கட்டும். மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் தொய்யும். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை கிரவுன் 1/8, டெமி 1/8 என்ற இரண்டு அளவுகளில் அடங்கிவிடும். முன்னதற்கு எட்டரை அங்குலம், பின்னதற்குப் பத்து அங்குலம் என்று தட்டு உயரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அபிதான சிந்தாமணி போன்ற தடித்த நூலை நிறுத்தாமல் படுக்க வைப்பதே நல்லது. தாளின் பாரம் தொங்கித் தொங்கி முதுகுத் தையலை அறுக்கும்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் கவலை தருவது சிறுபத்திரிகைகள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' முதலாக, எத்தனையோ இதழ்களைப் பத்திரப்படுத்திய வீடுகள் சிதம்பரம் வட்டாரத்தில் உண்டு. பின் அடித்த இதழில் முதலில் போவது பின்தான். துரு சுற்றியுள்ள தாளைத் தின்று ஓட்டை போட்டுவிடும், நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். நான் செய்வது இதுதான்: இதழை விரித்து வைத்து, பின்னின் கால்களை மெல்ல நிமிர்த்தி உருவிவிட்டு, அதே துளை வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுவேன். பைண்டிங் செய்யக் கொடுத்தால் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். வெறும் மைதா பூச்சிக்கு விருந்து.

பாச்சை உருண்டை நான் போடுவதில்லை. அந்த நெடியில் யாராலும் உட்கார்ந்து படிக்க முடியாது, கரையானும் அதற்கு அஞ்சுவதில்லை. இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது இருட்டும் ஈரமும் யாரும் தொடாத அமைதியும். ஆகவே அதற்கு மருந்து கைதான். அடிக்கடி எடுத்துப் புரட்டும் தட்டில் பூச்சியைக் காண்பது அரிது. சரஸ்வதி பூசை சரியாக மழைக்கு முன்னால் வருவது எனக்கு வசதி. அதையொட்டி எல்லாத் தட்டையும் காலி செய்து, துடைத்து, ஒவ்வொரு புத்தகத்தையும் விசிறி மறுபடி அடுக்குகிறேன்.

பூட்டு புத்தகத்தைக் காக்கும் என்று நம்புகிறவர்களுக்கு எங்கள் சிதம்பரத்துக் கதையே போதும். தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது அவற்றைப் புற்று மூடியிருந்தது, எண்ணெய் ஊற்றிக் கரைத்து எடுத்ததில் ஒரு பகுதிதான் மிஞ்சியது என்கிறது திருமுறைகண்ட புராணம். அன்பினாலும் பக்தியினாலும் போட்ட பூட்டுதான். உள்ளே காற்றும் போகவில்லை, கையும் போகவில்லை.

சிதம்பரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கு என்பது. வெறும் தரையில் நிற்கும் ஒருவருக்குக் கையெட்டும் உயரத்துக்கு மேல் அலமாரி போகக் கூடாது என்பதையும் அந்த விதியிலிருந்தே அவர் பெற்றார். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்த நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே முதுகு உள்ளேயும் தாள் விளிம்பு வெளியேயுமாக நூல்கள் நிற்கும். அந்தச் சங்கிலிக்கு எதிராகச் சிந்தித்தவர் ரங்கநாதன். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவர் உழைப்பு பெரிய காரணம். கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட வீட்டு அலமாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கடலோரத்தில் தண்ணீரையும் கணக்கில் வைத்தே அடுக்க வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கிள்ளைக் கரையிலும் ஏறியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் கூரைகளைப் பிய்த்தது. ஒன்று கீழிருந்து வந்தது, மற்றது மேலிருந்து. எனவே கடையில் மறுபடி கிடைக்கும் நூல்களே என் அடித்தட்டிலும் மேல்தட்டிலும் இருக்கும். கிடைக்காதவை நெஞ்சுயரத்தில்.

நனைந்த புத்தகத்தைப் பிழியாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக்கு அடியில், சற்றே விரித்து நிறுத்தி, இடையிடையே அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் நூல்களை முதலில் கவனியுங்கள். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரியாது. இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் பாலித்தீன் பையில் சுற்றி பிரீசரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுக்கலாம். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகரத்தின் தேசிய நூலகத்துக்குள் புகுந்தபோது, பல நாட்டு இளைஞர்கள் சேற்றிலிருந்து நூல்களைக் கைமாற்றி மீட்டார்கள். நூல் பாதுகாப்பில் இன்று உலகம் பின்பற்றும் முறைகள் பல அந்த வெள்ளத்துக்குப் பிறகு உருவானவை.

வெள்ளத்தைவிட வேகமாக ஒரு சேகரிப்பை அழிப்பது, சேர்த்தவரின் மரணம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு அவர் மறைவுக்குப் பின் சென்னையில் 1994இல் ஆய்வு நூலகமானது. எல்லா வீட்டுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. காரியம் முடிந்த கையோடு எடைக்குப் போடுகிறார்கள். யாராவது என்னைக் கூப்பிட்டால், அலமாரியில் கை வைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுவேன். அவர் எந்த நூலுக்குப் பக்கத்தில் எதை வைத்திருந்தார் என்பதில் அவர் படித்த விதம் இருக்கிறது, ஒருமுறை கலைத்தால் அது திரும்பாது. தட்டுத் தட்டாக, முதுகு எழுத்து தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுங்கள். உள்ளே செருகியிருக்கும் கடிதங்களையும் ரசீதுகளையும் அந்தந்தப் பக்கத்திலேயே விடுங்கள். பின் அடித்த மெலிந்த இதழ்களைத் தனியே எடுத்து வையுங்கள். எடைக்காரர் அடுத்த மாதம் வரட்டும்.