ரொட்டித் துண்டும் வருமான வரியும்

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு வயது 69. கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், 2018இல் காலமாகிவிட்டார். ஏதோ ரசீது தேடுகிறேன் என்று அலமாரியிலிருந்து அவள் எடுத்த பையிலிருந்து பாங்கு பாஸ்புத்தகம் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனவன் பிரித்துப் பார்த்துவிட்டேன். முப்பத்தேழு வருஷம் சம்பளப் பட்டியல் எழுதிய பழக்கம் விடுமா? டெபாசிட் வட்டி வரவு வைத்த இடமெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்கு டிடிஎஸ் என்று கழிந்திருந்தது.

"இதைத் திருப்பி வாங்கினியாம்மா?"

"எதை அண்ணே? அது வரியாச்சே. நான்தான் வருஷா வருஷம் கட்டுறேனே" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அதே பாஸ்புத்தகத்தில் நாலு லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். அதையும் டெபாசிட்டில் போட்டால் வட்டி கூடி அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடுமாம். அப்புறம் பென்ஷன் உள்பட எல்லாத்துக்கும் அந்த விகிதத்தில் வரி பிடித்துவிடுவார்களாம். எதிர்வீட்டு அம்மாள் சொன்னது.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த 1973இல் உச்ச வரி 85 சதவீதம், அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ், ஆக 97.75 சதவீதம்! நம் ஆபீசில் யாருக்கும் அந்தக் கவலை வரவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து பிப்ரவரி மாதம் பிறந்தால் என் மேஜையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், கணக்குப் போட்டுத் தரச் சொல்லி. ஊருக்கெல்லாம் போட்டேன். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போனபோது குடும்ப ஓய்வூதியத்துக்கான காகிதங்களை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, வேலை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் காலையில் வாங்கிய ரொட்டி இருந்தது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பின்னக் கணக்குக்கு ரொட்டியைத்தான் உதாரணம் சொல்வார்கள். ஒரு துண்டுக்கு 'த்ராஞ்ஷ்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வரி ஸ்லாபுக்கும் அதே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் என் சிநேகிதர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்லாப் என்றால் படி ஏறுவது மாதிரி தோன்றுகிறது, த்ராஞ்ஷ் என்றால் விஷயம் உடனே புரிகிறது.

ரொட்டியை வெட்டிக் காட்டினேன். 2025-26 நிதியாண்டில், புதிய முறைப்படி முதல் நாலு லட்சம் ஒரு துண்டு. அதற்கு வரி இல்லை. நாலிலிருந்து எட்டு வரை அடுத்த துண்டு, 5 சதவீதம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10. இப்படியே போய் 24 லட்சத்துக்கு மேல் 30. ஒருவருக்கு நாலு லட்சத்துப் பத்தாயிரம் வருமானம் என்றால் 5 சதவீதம் அந்தப் பத்தாயிரத்துக்கு மட்டும்தான். முதல் துண்டை யாரும் தொடமாட்டார்கள். அந்த ஐந்நூறும் கட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு லட்சம் வரை 87ஏ கழிவு அதைத் துடைத்துவிடும். ஷேர் விற்ற லாபம் மாதிரி தனி விகித வருமானத்துக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது.

ஆனால் எதிர்வீட்டு அம்மாள் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. பழைய முறையில் கழிவு ஐந்து லட்சத்தோடு சரி. பழைய முறையில் இருந்த சிநேகிதர் ஒருவருக்கு, என்னைப் போல மூத்த குடிமகன், ஒரு வருஷம் வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் வெறும் 400 ரூபாய் போனது. வரி, செஸ் எல்லாம் சேர்த்து 10,480 கட்டினார். மார்ச் முடிவதற்குள் பிபிஎஃபில் 500 ரூபாய் போட்டிருந்தால் ஒன்றும் இல்லை. புதிய முறையில் இந்தப் பள்ளத்துக்குக் கொஞ்சம் மண் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி கூடாது. மேலே செஸ் மட்டும்.

தங்கை கணக்குக்கு வருவோம். 2024-25இல் குடும்ப ஓய்வூதியம் 2,88,000. இதற்கு நமக்குக் கிடைக்கும் 75,000 நிலையான கழிவு கிடையாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. டெபாசிட் வட்டி 1,05,000. சேமிப்புக் கணக்கு வட்டி பதினோராயிரம். மொத்தம் ஏறக்குறைய 3,80,000. அந்த வருஷம் முதல் துண்டு மூன்று லட்சம், கழிவு ஏழு லட்சம் வரை. வரி பூஜ்யம். பாங்கில் பிடித்ததோ 10,500.

"வரியே இல்லைன்னா ஏன் புடிச்சாங்க?"

நியாயமான கேள்வி. பாங்குக்கு அவள் மொத்த வருமானம் தெரியாது. மூத்த குடிமக்களுக்கு வட்டி 50,000 தாண்டினால் பிடி என்பது அப்போதைய சட்டம். 2025 ஏப்ரல் முதல் ஒரு லட்சம். அது பிடித்தத்துக்கான கோடு, வரிக்கான கோடு அல்ல. மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் வருஷ ஆரம்பத்திலேயே பாங்கில் 15எச் படிவம் கொடுத்துவிட்டால் பிடிக்கமாட்டார்கள். பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை. 15எச்சில் கையெழுத்துப் போட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

அந்த வாரமே ரிட்டர்ன் போட்டோம். 10,500 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷங்களில் போனது நாற்பதாயிரத்துக்கு மேல். கெடு தாண்டிய பிறகு சாதாரண ரிட்டர்ன் போட வழியில்லை. பின்னால் போடும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' வழியாகவும் ரீஃபண்டு கேட்க முடியாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கமிஷனருக்கு மனு போடலாம், அதுவும் ஐந்து வருஷத்துக்குள். உண்மையான கஷ்டத்தைக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து மனுவையும் நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'கணவர் மறைவு, அறியாமை' என்று எழுதினேன். அண்ணன் கேட்கவில்லை என்று எழுத அங்கே இடமில்லை.

பதில் இன்னும் வரவில்லை. நாலு லட்சத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டாள், 15எச்சும் கொடுத்துவிட்டாள். நான் வெட்டி வைத்த ரொட்டியை அன்றைக்கே எடுத்து, "காயப் போட்டுட்டியே அண்ணே" என்று காபியில் நனைத்துச் சாப்பிட்டாள்.