ஐம்பது ரூபாய்

நர்சுகள் சங்கச் சந்தா மாதம் ஐம்பது ரூபாய். அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். "நாலு பேர் கத்துறதுக்கு என் காசா" என்ற எண்ணம் மீதிப் பாதி.

2012-ல் சென்னையில் பல தனியார் மருத்துவமனை நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், வேலையை விட்டுப் போகவிடாத பாண்ட், பிடித்து வைத்த ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் இவைதான் பிரச்சினை. நான் வேலை பார்த்த இடத்திலும் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்தார்கள். நான் பின்பக்கம் பிணவறை வழியாக உள்ளே போய் டியூட்டி பார்த்தேன். ஊரில் அப்பா என் படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பேசி முடித்தார்கள். 6,500 ரூபாய் சம்பளம் 9,000 ஆனது, எனக்கும்தான். சர்ட்டிஃபிகேட் திரும்ப வாங்கிய வரிசையில் நான்தான் முதல் ஆள்.

மறு வருஷம் ஒரு நைட் டியூட்டி. மெடிக்கல் வார்டில் 24 பேருக்கு நான் ஒருத்தி. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. பரீட்சைக்குப் படித்ததோடு சரி. பத்து மணிக்கு ஒரு பெரியவருக்கு இன்சுலின். சார்ட்டில் டாக்டர் நான்கு போட்டு, ஒட்டினாற்போல ஆங்கில 'யு' எழுதியிருந்தார், வாய் மூடிய 'யு'. எனக்கு அது நாற்பதாகத் தெரிந்தது. நம் ஊர் இன்சுலின் குப்பியில் நாற்பது யூனிட் என்றால் ஒரு மில்லி, சிரிஞ்ச் முழுக்க. நிறைந்த சிரிஞ்சைப் பார்த்ததுமே கை நின்றிருக்க வேண்டும். எட்டாம் கட்டிலில் டிரிப் தீர்ந்துவிட்டதென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போட்டுவிட்டேன்.

ஒரு மணிக்குப் பார்த்தபோது அவர் தலையணை நனைந்திருந்தது. சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, விடியும்வரை அரைமணிக்கு ஒருதரம் விரலைக் குத்திப் பார்த்தோம். ஆறு மணிக்கு அவர் காப்பி கேட்டார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாளில் மெமோ. விசாரணை அறையில் எதிரே மூன்று பேர். என் பக்கம் ஒரே நாற்காலி. 'என் கவனக்குறைவே முழுக் காரணம்' என்று டைப் அடித்த தாளை நீட்டினார்கள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். கதவு திறந்தது. சங்கத்துச் சேச்சி, வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வேலைநிறுத்தத்தின்போது நான் முகம் திருப்பிக்கொண்டு போன அதே சேச்சி. கையில் டியூட்டி லிஸ்ட், சார்ட் இரண்டின் ஜெராக்ஸ்.

என் தப்பை அவர் மூடி மறைக்கவில்லை. "நடந்ததை எழுதிக் கொடுப்பாங்க. முழுசா எழுதுவாங்க" என்றார். எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ், எப்படிப்பட்ட கையெழுத்து என எல்லாம் சேர்த்து என் கையால் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். சார்ட்டில் 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும் என அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. நைட்டுக்கு இரண்டாவது ஆள் வர, சங்கம் இன்னும் மூன்று மாதம் நச்சரிக்க வேண்டியிருந்தது.

சங்கத்தில் கோஷ்டி இல்லாமல் இல்லை. மைக்கைப் பிடித்தால் விடாதவர்களும் உண்டு. ஆனாலும் 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று பரிந்துரைத்தது. 2018-ல் கேரளத்தில் அது அரசாணையானது, நர்சுகள் சங்கமாகத் தெருவில் நின்ற பிறகு.

விசாரணை முடிந்த அன்று படிக்கட்டில் சேச்சியிடம் கேட்டேன், மெம்பர் இல்லாத எனக்கு ஏன் வந்தீர்கள் என்று.

"நீ அதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அதே பேப்பரைத்தான் எங்ககிட்டயும் நீட்டுவாங்க."

ஐம்பது ரூபாயை நீட்டினேன். போன வருஷத்துக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"முன்தேதி போட்டு எழுத மாட்டேன். சார்ட்டானாலும் சரி, ரசீதானாலும் சரி" என்று அன்றைய தேதியைப் போட்டார்.