பீப்பாய்க்குக் கிடைத்த மரியாதை

கள்ளக்குறிச்சி மாவட்டக் கச்சிராயபாளையத்தில் பிறந்தவனுக்குக் கரும்பு புதிதில்லை. பின்னால் கல்வராயன் மலை, கோமுகி அணைத் தண்ணீர், ஊரிலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை. வேலைக்கென்று டிரினிடாட் வந்தால் இங்கும் கரும்பின் கதைதான். 1845 மே 30 அன்று ‘ஃபாத்தல் ரசாக்’ கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இந்தத் தீவில் இறக்கியது. 1917இல் அந்த ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள்; மதராஸிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மை. 2003இல் அரசின் கரோனி சர்க்கரை நிறுவனமும் மூடப்பட்டது. கரும்பு போன நாட்டில் என்னைப் பிடித்து வைத்திருப்பது ‘பான்’ எனப்படும் எஃகு மேளம்.

55 கேலன் எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் அடித்துக் கிண்ணமாகக் குழிப்பார்கள். சுரங்களுக்கு இடம் குறித்து, பக்கத்தைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் சுட்டு, சிறு சுத்தியலால் சுதி சேர்ப்பார்கள். நான் வாசிப்பது பேஸ். முழு உயரப் பீப்பாய்கள் சுற்றி நிற்க, நடுவில் நின்று ரப்பர் தலை வைத்த குச்சிகளால் தட்டவேண்டும். எங்கள் குழுவில் இசைத்தாளுக்கு வேலை இல்லை. ஒருவர் ஒரு வரியை வாசித்துக் காட்டுவார். கைக்கு வரும்வரை நாங்கள் திருப்பி வாசிப்போம்.

இந்தத் தீவில் பிரிட்டிஷ் அரசு 1880களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோல் மேளங்களுக்குத் தடை போட்டது. அவர்கள் மூங்கிலை எடுத்தார்கள். 1930களில் பிஸ்கட் டின்னும் பெயின்ட் டப்பாவும் கைக்கு வந்தன. அடுத்த பத்தாண்டில் எண்ணெய்ப் பீப்பாய் வந்தது. லாவென்டில் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் பையன்கள்தான் இதை உருவாக்கினார்கள். பான் வாசிப்பவன் என்றால் ரவுடி என்று பேர், போலீஸ் துரத்தியது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது.

1951இல் ஒரு குழு லண்டன் விழாவுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தது. அது மட்டுமே ஊரார் மனத்தை மாற்றிவிடவில்லை. கல்லூரி மாணவர்கள் குச்சியைக் கையில் எடுத்தார்கள். ‘கேர்ள் பாட்’ என்ற பெண்கள் குழு எழுந்தது. 1963இல் பான் குழுக்களுக்கான பனோரமா போட்டி தொடங்கியது. 1992இல் பான் தேசிய வாத்தியமானது. ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஐ.நா. 2023இல் அறிவித்தது.

இந்திய வீடுகளில் பான் நெடுநாள் ‘அவங்க’ வாத்தியமாகவே இருந்தது. லோபினோ கிராமத்தின் ஜித் சமாரூ அந்த எண்ணத்தை உடைத்தார். ரெனிகேட்ஸ் குழுவுக்கு அவர் அமைத்த இசை ஒன்பது முறை பனோரமாவை வென்றது. 1995, 1996, 1997 மூன்றாண்டும் தொடர்ந்து அவர்களுக்கே வெற்றி.

விடுமுறை கிடைத்தால் பாட்டுக்காகவே ஊர் ஊராகப் போவேன். கயானாவின் மதராசி காளி கோயிலில் தப்பை நெருப்பில் காய்ச்சி அடித்தார்கள். அடித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே அது வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அம்மன் சந்நிதியில், பூசாரிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிறார்கள். நான் வளர்ந்த ஊரில் அதே தோலை, பறை என்று, அடித்தவர் சாவுக்கும் திருவிழாவுக்கும் வேண்டும். கோயிலுக்குள் மட்டும் வேண்டாம்.

பறைக்கும் இன்று நல்ல காலம் வந்துகொண்டிருக்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் விருது கலைஞரைத்தான் உயர்த்தும்; அடுத்த தெருக்காரன் கையில் குச்சியைக் கொடுக்காது. டிரினிடாட்டில் அந்தக் குச்சி கை மாறியது. அப்போதும் சுதி சேர்க்கும் ஆசான்கள் அதே ஏழைத் தெருக்காரர்களாகவே இருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் மரியாதை நிலைத்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டப் பள்ளிகளில், மலைமேல் உள்ளவை உட்பட, பறையைப் பாடமாக வையுங்கள். தலைமுறையாக அடித்துவரும் குடும்பத்துப் பெரியவர்களையே சம்பளம் கொடுத்து ஆசிரியராக்குங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று கற்கட்டும்.