பசியை அடக்காத வைத்தியம்

"பசியே எடுக்காம இருக்க ஊசி வந்திருக்காமே, உங்க வைத்தியத்துல அதுக்கு மூலிகை இல்லையா?" பிரம்மதேசத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் இப்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். மரக்காணம் அளத்தில் விடியுமுன் இறங்கி வெயில் ஏறும்வரை உப்பு வாருகிறவர்களுக்கும் சர்க்கரை வருகிறது, தொப்பை விழுகிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பசியைக் கொல்லும் மூலிகை எங்கள் சித்த மரபில் உண்டு. நாயுருவி விதையைச் சமைத்து உண்டால் பல நாள் பசி தோன்றாது என்றும், மீண்டும் பசி வர மிளகும் சீரகமும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள். அது தவத்தில் அமர்ந்தவர்களுக்குச் சொன்னது. உழைக்கிற உடம்புக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. ஏனென்றால், அடக்கக் கூடாதவை என்று சித்த மருத்துவம் வகுத்த பதினான்கு வேகங்களில் பசியும் ஒன்று. தாகம், தூக்கம், சிறுநீர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அளத்துக்குப் போகிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதில்லை. வந்த சிறுநீரை அடக்குகிறார்கள். நள்ளிரவு தாண்டி எழுவதால் தூக்கம் பாதியில் போகிறது. காலைப் பசியை டீயும் வெற்றிலையும் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். நான்கு வேகங்களையும் ஒரே காலையில் அடக்கிவிட்டு, உச்சிப்பொழுதுக்கு வீடு திரும்பியதும் குண்டான் சோறும் உள்ளே போகிறது. இதைப் பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது அவர்களுடைய உடம்பு எழுதிய கணக்கு.

அந்தக் கணக்கை ஹார்மோன்கள் வழியாக இன்று விளக்க முடிகிறது. இரைப்பை காலியாகும்போது சுரக்கும் கிரெலினை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின், இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்வது. தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடுகிறது, லெப்டின் குறைகிறது. இரவில் நாலு மணி நேரம் மட்டும் தூங்கி எழுகிறவருக்கு எந்தச் சூரணம் கொடுத்தாலும் பசி ஒழுங்குக்கு வராது. அதனால் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தூக்கத்தைக் கேட்கிறேன்.

ஊசியின் சங்கதி வேறு. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. போதும் என்ற உணர்வைத் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துவிடும். ஊசியில் உள்ள செமாக்ளூடைடு போன்ற மருந்து அதைப் போலவே வேலை செய்து, சிதைந்து பாதியாவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது. எந்தக் கீரையும் கஷாயமும் இதைச் செய்யாது. 'இயற்கை ஊசி' என்று பொடி விற்கிறவரை நம்பாதீர்கள்.

உணவால் முடிவது, உடம்பு தானே சுரப்பதை நேரத்துக்குச் சுரக்க வைப்பது. அதற்கு உணவு குடலின் அடிவரை போய்ச் சேர வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் பதினோரு கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருக்கிறது. குடல் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள், ஜிஎல்பி-1 சுரக்கும் அந்தச் செல்களைத் தூண்டுகின்றன. கூழைத் தண்ணீராகக் கரைத்து மடமடவென்று குடிப்பதைவிட, களியாகக் கிண்டி முருங்கைக்கீரைக் குழம்போடு மென்று சாப்பிடச் சொல்கிறேன். நீர்த்த கூழ் இரைப்பையில் தங்காமல் ஓடிவிடும். கூடவே அவித்த மல்லாட்டை (நிலக்கடலை) ஒரு கை, அல்லது காராமணிச் சுண்டல். புரதமும் கொழுப்பும் முன்சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் சுரந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மல்லாட்டைக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. அதன் ரகங்களைத் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது.

உப்பு மண்ணில் முளைக்கும் உமரிக்கீரையைப் பற்றியும் கேட்பார்கள். வேகவைத்து நீரை வடித்துவிட்டு, உப்புப் போடாமல் பருப்போடு கடைந்தால் அருமையான கீரை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் தள்ளி வையுங்கள்.

மூலிகைகளில் நான் பெரிதும் மதிப்பது இரண்டு. சோற்றுக்கு முன் ஊறவைத்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அதன் பசைநார் மாவுச்சத்து ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். அடுத்தது சிறுகுறிஞ்சான். இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணலாகத் தெரியும், இனிப்பின் மேல் உள்ள இழுப்பு கொஞ்ச நேரம் விட்டுப் போகும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

எல்லாருக்கும் பசியைக் குறைப்பதல்ல என் வேலை. மழை பிடித்து அளம் மூடுகிற ஐப்பசி, கார்த்திகையில் வயதானவர்கள் பசியே இல்லை என்று வருவார்கள். அவர்களுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்த பஞ்சதீபாக்கினி சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். திருக்குறளின் மருந்து அதிகாரம் முன்னுண்டது செரித்ததா என்று பார்த்து உண்ணச் சொல்கிறது. அளத்து முதியவர்களுக்கு அதைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது.

ஆனால் நான் என்ன பத்தியம் சொன்னாலும், தாகத்தையும் சிறுநீரையும் அடக்க வேண்டிய இடத்தில் பசி மட்டும் ஒழுங்காகிவிடாது. உப்பள உரிமையாளர்களும் அரசும் மரக்காணம் அளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும், குடிநீரும், காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழலும் அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.