கல்லாகிப்போன ரப்பர்

அப்பா டாக்ஸி ஓட்டுற காசுலதான் என் ஃபீஸ். கார் ஆயில் கக்க ஆரம்பிச்சதும், "இன்ஜின் இறக்கணும், 15,000 ஆகும்"னு மெக்கானிக் சொல்லிட்டார். வித்துடலாம்னு அப்பா.

ரெண்டு நாள் லீவ் கேட்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். இன்ஜினை டீசல் போட்டுத் துடைச்சு, கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஆயில் சொட்டுற இடமும் கசியுற இடமும் ஒண்ணா இருக்காது. வால்வ் கவர் காய்ஞ்சிருந்தது. ஈரம் டைமிங் பெல்ட் பக்கம். அப்போ கேம் சீல், கிராங்க் முன் சீல். பின் சீல்னா கியர்பாக்ஸையே இறக்கணும், நல்லவேளை.

சீல்னா ஒரு ரப்பர் உதடு, அதைச் சுத்தி மெல்லிய ஸ்பிரிங். அவ்வளவுதான். சூட்டுல வருஷக்கணக்கா வெந்து ரப்பர் கல்லாயிடுது. பழசை நகத்தால அழுத்தினா தடமே விழலை. மெஷின் டிசைன்ல இதுக்கு 2 மார்க் கேள்விகூட வந்ததில்லை!

புதுசோட உதட்டுல ஆயில் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்க வச்சு, அதே அளவு சாக்கெட்டால கோணாம தட்டினோம். ஆயில்ல ஊறின பெல்ட்டையும் மாத்தி, மார்க் சேருதான்னு கிராங்க்கை கையால 2 சுத்து சுத்திப் பார்த்தோம். பிசிவி வால்வும் அடைச்சிருந்தது. அதை விட்டா உள்ளே பிரஷர் ஏறி, புது சீலும் கசியும்.

திங்கட்கிழமை அப்பா வண்டிக்கு அடியில போட்டிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்ல.

"ஏற்காடு சவாரி ஒண்ணு இருக்கு, ஒத்துக்கட்டுமாடா?"ன்னார்.